கீமோவுக்கு முன் எக்கோ: திருகோணமலையிலிருந்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் புறப்படுகிறவர்களுக்கு

அம்மாவுக்கு முதல் கீமோ ஏற்றவேண்டிய நாள். முதல் நாள் இரவே பஸ் ஏறி, விடியற்காலை வெளி மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் இறங்கினோம். துண்டு எடுத்து, வாங்கில் காத்திருந்து, எங்கள் முறை வரப் பதினொரு மணி ஆகிவிட்டது. டொக்டர் பைலை இரண்டு தரம் புரட்டிவிட்டு, "எக்கோ எங்கே?" என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல்லே புதிது. கேளா ஒலியால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை அது என்று பிறகுதான் தெரிந்தது. எக்கோ எடுக்கச் சொல்லி எழுதிய சின்னத் துண்டு ஒரு இரத்த ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஸ்டேப்ளர் அடித்தபடி கிடந்தது. எங்களிடம் அதை யாரும் வாயால் சொல்லவில்லை. அன்றைக்கு மருந்து ஏற்றவில்லை. மூன்று வாரம் கழித்து வேறு திகதி தந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "மார்பில வந்த கட்டிக்கு ஏன் மகள் இதயத்தப் பாக்கிறாங்கள்?"

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் அந்த மூன்று வாரமும் போயிருக்காது. அம்மாவின் சிகிச்சை முடிந்துவிட்டது. நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை உங்களுக்கு வரிசையாக எழுதுகிறேன். இது மார்பகப் புற்றுநோயை வைத்து எழுதியது. மற்றப் புற்றுநோய்களுக்கு மருந்து மாறும், ஆனால் தாள், திகதி, பயணம் பற்றிச் சொல்வது அநேகமாக எல்லோருக்கும் பொருந்தும். எந்த மருந்து, எத்தனை தரம் என்பதை உங்கள் டொக்டர்தான் தீர்மானிப்பார்.

1. முதலில் அம்மாவின் கேள்விக்கு விடை

எங்கள் உடம்பில் கலங்கள் பிரிந்து புதிய கலங்கள் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கலம் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.யை இரண்டாகப் படியெடுக்கும். படி சரியாக வந்ததா என்று பார்க்கும் காவல் இடங்கள் அதற்குள்ளேயே உண்டு. பிழை இருந்தால் பிரிவு நிற்கும். பிழை திருந்தாவிட்டால் அந்தக் கலம் தானே இறந்துவிடும். புற்றுநோய்க் கலத்தில் இந்தக் காவல் பழுதாகிவிடுகிறது. நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். இப்படி முப்பது தரம் இரட்டித்தால் 100 கோடிக்கு மேல் கலங்கள். கைக்குத் தட்டுப்படும் ஒரு சென்ரிமீற்றர் கட்டி ஏறத்தாழ அவ்வளவுதான். அதனால் கட்டி தெரிந்த அன்றிரவே எல்லாம் கைமீறிப்போய்விட்டது என்று பதறாதீர்கள், அது பல காலமாக உள்ளே இருந்ததுதான். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை, பிரிந்துகொண்டிருக்கும் கலங்களைத்தான் அதிகம் தாக்கும். டொக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து டி.என்.ஏ.யைக் குலைக்கிறது. பக்ளிடாக்செல் என்ற மருந்து, பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர் நார்களை இறுக்கிப் பிடித்து, பிரிவைப் பாதி வழியில் நிறுத்துகிறது. முடியின் வேர், வாயின் உட்தோல், எலும்பு மச்சை ஆகிய இடங்களிலும் கலங்கள் வேகமாகப் பிரிவதால் அங்கேயும் அடி விழும். முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், வெண்குழியம் குறைவதும் இதனால்தான்.

சரி, இதயத்துக்கு வருவோம். இதயத் தசைக் கலங்கள் அநேகமாகப் பிரிவதே இல்லை. 25 வயதில் வருடத்துக்கு ஏறத்தாழ 1 வீதம்தான் புதிதாகின்றன, 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. பிரியாத கலத்தைக் கீமோ விட்டுவிடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். சிவப்பு மருந்து அப்படி விடுவதில்லை, அது வேறு வழியாக இதயத் தசையையும் சேதப்படுத்தக்கூடியது. கொட்டிய முடி முளைக்கும், குறைந்த வெண்குழியம் மூன்று வாரத்தில் மீளும். போன இதயத் தசைக்குப் பதிலாகப் புதிது வருவது மிகக் குறைவு. அதனால்தான் மருந்து தொடங்கமுன் இதயத்தின் பலத்தை அளந்து எழுதி வைக்கிறார்கள்.

2. பயோப்சி: இலக்கம் முக்கியம்

கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சதைத்துண்டை ஃபோர்மலினில் போட்டு நோயியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமிட்டுப் பார்ப்பார்கள். அந்த மெழுகுக் கட்டியை அவர்கள் எறிவதில்லை, பாதுகாத்து வைப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டின் மேலே ஒரு மாதிரி இலக்கம் இருக்கும். அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் மேலதிகப் பரிசோதனை கேட்டால் அந்த மெழுகுக் கட்டிதான் தேவைப்படும், இலக்கம் இல்லாமல் அதைத் தேடி எடுப்பது பெரிய பாடு.

முதல் ரிப்போர்ட் வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்து நாங்கள் புறப்பட்டுவிட்டோம். அது தவறு. ஈ.ஆர்., பி.ஆர். (கட்டியில் உள்ள ஹோர்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (கலத்தின் மேல் ஒரு புரதம் அதிகமாக இருக்கிறதா என்பது) என்ற மூன்றின் முடிவும் இம்யூனோ ரிப்போர்ட் என்ற வேறு தாளில், பிந்தித்தான் வரும். அந்தத் தாள் இல்லாமல் முழுச் சிகிச்சைத் திட்டத்தையும் எழுத முடியாது. ரிப்போர்ட் வாங்கப் போகும்போதே, "இம்யூனோ ரிப்போர்ட்டும் வந்துவிட்டதா, இன்னும் வரவேண்டியது என்ன?" என்று கேட்டுவிடுங்கள்.

3. ரிப்போர்ட்டில் பயப்படுத்தும் சொற்கள்

எங்கள் வீட்டில் ஒரு வாரம் அழுகையாகவே போனது, ரிப்போர்ட்டில் "கிரேட் 3" என்று இருந்ததால். மூன்றாம் கட்டம் என்று நினைத்துவிட்டோம். கிரேட் வேறு, ஸ்டேஜ் வேறு. கலங்கள் இயல்பான தோற்றத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, நுணுக்குக்காட்டியில் எத்தனை கலங்கள் பிரியும் நிலையில் தெரிகின்றன என்பதை வைத்துப் போடுவது கிரேட். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். கிரேட் 3 உள்ள ஒருவருக்கு நோய் முதல் கட்டத்திலேயே இருக்கலாம்.

கேஐ-67 என்று ஒரு வீதம் போட்டிருக்கும். அது 40 என்றால் உடம்பில் 40 வீதம் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பார்த்த புற்றுநோய்க் கலங்களில் 100க்கு 40 பிரிவுச் சுற்றில் இருக்கின்றன என்பதுதான் பொருள்.

ஹெர்-2 முடிவு 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ என்றால் ஆம். 0, 1+ என்றால் இல்லை என்று எடுப்பார்கள். 2+ வந்தால் ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை வேண்டும், அதற்கும் அந்த மெழுகுக் கட்டிதான். ஆம் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசியைப் பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒரு தரம், ஒரு வருடத்துக்கு எழுதுவார்கள். அதுவும் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ கேட்பார்கள். ஆறுதலான விஷயம், இந்த ஊசியால் குறையும் பலம் ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் மீளும்.

4. எங்கே போவது, பைலில் என்ன வைப்பது

கொழும்புப் பக்கம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை, கிழக்கில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, மலையில் கண்டி தேசிய வைத்தியசாலை, வடக்கில் தெல்லிப்பழை ஆகிய இடங்களில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர், கண்டி 180, கொழும்பு 260. எல்லோரும் "மகரகமவுக்குப் போ" என்றுதான் சொல்வார்கள். என் அபிப்பிராயம் வேறு. ஐந்தாறு மாதம் போய்வர வேண்டிய பயணம் இது. டொக்டர் சம்மதித்தால், உங்களோடு ஒருவர் தங்கக்கூடிய, பாஷை தெரிந்த, கிட்டிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மகரகமதான் என்று முடிவானால் புறக்கோட்டையிலிருந்து 138 பஸ் போகிறது.

புறப்படமுன் எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு கேள்வி கேளுங்கள். இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்கோ இவற்றில் எதையெதை இங்கேயே செய்யலாம்? பிறகு வரும் கீமோக்களில் சிலதையாவது இங்கே ஏற்ற முடியுமா? கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்து ஆட்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையிலும் இதைக் கேட்கலாம்.

பைலில் நாங்கள் கடைசியாக வைத்திருந்தவை: அடையாள அட்டையும் அதன் மூன்று போட்டோக்கொப்பியும், இங்கிருந்து அனுப்பும் கடிதம், பயோப்சி ரிப்போர்ட் அசல், இம்யூனோ ரிப்போர்ட் அசல், ஸ்கான் படங்கள் (ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும்), எக்கோ, ஈ.சி.ஜி., கடைசி இரத்த ரிப்போர்ட், பிரஷர், சீனிக்கு எடுக்கும் குளிசைகளின் அட்டைகள். ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். ஒரு கவுண்டரில் அசலை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அடுத்த அறையில் அதையே கேட்டார்கள். போனில் இருந்த படம்தான் அன்றைக்குக் கைகொடுத்தது.

எந்தத் தாளையும் இன்னொரு தாளுக்குப் பின்னால் ஸ்டேப்ளர் அடிக்க விடாதீர்கள். அடித்திருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய துண்டு விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே தாதியிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்து கேட்க ஆள் இருக்காது.

5. எக்கோ எடுத்தல்

கீமோ எழுதிய அன்றே கேட்கவேண்டிய கேள்வி: "எக்கோ வேண்டுமா, எந்தத் திகதிக்குள் வேண்டும்?" எக்கோ துண்டில் கீமோ தொடங்கும் திகதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் சாதாரண இதய நோயாளிகளின் வரிசையில் உங்கள் பெயரும் போய்விடும், அந்த வரிசை நீளமானது. கீமோத் திகதிக்குள் அரச ஆஸ்பத்திரியில் திகதி கிடைக்காவிட்டால் மட்டும் தனியாரிடம் போங்கள். போகமுன் இரண்டு இடத்துக்குப் போன் எடுத்து விலை கேளுங்கள், இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கிறது.

பரிசோதனை வலிக்காது, ஊசி இல்லை, வெறும் வயிறாகப் போகவும் தேவையில்லை. முன்பக்கம் திறக்கக்கூடிய சட்டை போட்டுப் போகச் சொல்லுங்கள். அம்மாவை இடது பக்கம் சரிந்து படுக்கவைத்து, நெஞ்சில் குளிர்ந்த ஜெல் பூசி, கையடக்கமான ஒரு கருவியை அழுத்திப் பிடித்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் இதயம் தெரிந்தது. இடது சோணைக்கும் இடது இதயவறைக்கும் நடுவில் இரண்டு மெல்லிய இதழ்கள், காற்றில் ஆடும் திரைச்சீலை மாதிரித் திறந்து, உடனே மூடி, மறுபடி திறந்தன. ஒவ்வொரு மூடலுக்கும் பிறகு அறையின் தடித்த சுவர் உள்ளே இறுகியது. அம்மாவும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபது வருடமாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தரம் இதைச் செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இதயத்தின் வலப்பக்கம் உடம்பிலிருந்து வரும் இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். நுரையீரலில் ஒட்சிசன் ஏற்றிக்கொண்டு வரும் இரத்தத்தை இடப்பக்கம் வாங்கி உடம்பெங்கும் தள்ளும். தள்ளும் வேலையில் பெரும் பகுதி இடது இதயவறையுடையது, சேதம் வந்தால் எக்கோவில் முதலில் அளப்பதும் அதைத்தான். நிரம்பியிருக்கும்போது அதில் ஏறத்தாழ 120 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கும். ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 வெளியே போகும். 120இல் 70 என்றால் 58 வீதம். ரிப்போர்ட்டில் ஈ.எஃப். என்று இருக்கும் எண் இதுதான்.

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். "ஈ.எஃப். 60" என்பதைப் பார்த்துவிட்டு, இதயம் 60 வீதம்தான் வேலை செய்கிறது, 40 வீதம் பழுது என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, அம்மா அன்றிரவு சாப்பிடவே இல்லை. 100 வீதம் என்பது யாருக்கும் இருக்காது. நல்ல இதயம் நிரம்பியதையெல்லாம் ஒரே துடிப்பில் தள்ளிவிடுவதில்லை. 55 முதல் 70 வரை நல்ல எண். முதல் எக்கோவில் வந்த எண்ணிலிருந்து பத்துப் புள்ளி இறங்கி, 50க்குக் கீழே போனால்தான் டொக்டர்மார் கவலைப்படுவார்கள். அதனால் முதல் எக்கோ ரிப்போர்ட்டைத் தொலைக்கவே கூடாது, பின்னால் வரும் எல்லா எக்கோவையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள்.

6. செலவு

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. பயணம், தங்குமிடம், சாப்பாடு, அவசரத்துக்கு வெளியில் செய்யும் பரிசோதனை, கையிருப்பில் இல்லாததால் வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து ஆகியவற்றுக்குத்தான் காசு போகிறது. கணக்கை இப்படிப் போடுங்கள்: இரண்டு பேர் போய்வரும் பஸ் அல்லது ரயில் காசு, ஓட்டோ, ஒரு இரவு தங்கல், இரண்டு நாள் சாப்பாடு. கூட்டி வருவதை எட்டால் பெருக்குங்கள். எட்டுக் கீமோ, 21 நாளுக்கு ஒன்று என்பது பரவலாக எழுதும் திட்டம், ஏறத்தாழ ஆறு மாதம். அறுவைச் சிகிச்சைக்கும், கதிர்ச் சிகிச்சை எழுதினால் அதற்கும் தனிக் கணக்கு. கதிர்ச் சிகிச்சை வாரநாள்களில் தினமும் நடக்கும், அதற்கு ஊரிலிருந்து போய்வர முடியாது, அங்கே தங்கத்தான் வேண்டும். வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளத்தையும் எழுதுங்கள். நாங்கள் அதை எழுத மறந்ததால் நான்காவது கீமோவோடு கை காலியாகிவிட்டது.

வெளியில் பெரிய செலவு வருமென்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். காசு கட்டுமுன் போய்க் கேளுங்கள், கட்டிய பிறகு போவது பயன்படாமல் போகலாம். கிராம சேவகரின் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

7. மருந்து ஏற்றும் நாள்

மருந்து ஏற்றுவதற்கு முதல் நாள் அல்லது அதற்கு முந்திய நாள், இரத்தக் கலங்களை எண்ணும் எஃப்.பி.சி. என்ற இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். வெண்குழியம் போதாவிட்டால் மருந்து ஏற்றமாட்டார்கள். அந்தப் பரிசோதனையைத் திருகோணமலையிலேயே செய்து, முடிவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். இல்லாவிட்டால் அங்கே போய் முடிவு பார்த்துத் திரும்பவேண்டி வரும். உயரத்தையும் நிறையையும் வைத்துத்தான் மருந்தின் அளவைக் கணிப்பார்கள், நிறை மாறியிருந்தால் சொல்லுங்கள்.

சிவப்பு மருந்து ஏறும்போது கையில் எரிவோ வலியோ வீக்கமோ தெரிந்தால் அந்த நிமிடமே தாதியைக் கூப்பிடுங்கள். நரம்புக்கு வெளியே கசிந்தால் அது சதையைப் புண்ணாக்கும். "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்று இருக்கக்கூடாது. அம்மா பொறுத்துக்கொள்கிற சுபாவம் உள்ளவர். அதனால் நான் பக்கத்தில் இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்றும் அடுத்த நாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், இரத்தம் அல்ல.

8. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை

வெண்குழியம் ஆகக் குறைவாக இருக்கும் நாள்கள் இவை. ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் வந்தால் இரவோ பகலோ உடனே ஆஸ்பத்திரி. பனடோல் கொடுத்து விடியும் வரை பார்க்கும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. இந்த நோயாளிக்கு அது உயிராபத்து. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார்கள். அதனால் வாசலிலேயே "கீமோ எடுக்கிறவர், இன்றைக்கு இத்தனையாவது நாள்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் அன்போடு கிண்ணியாத் தயிர் முட்டி கொண்டுவருவார்கள். காய்ச்சாத பாலும், அதில் செய்த தயிரும் அந்த நாள்களில் வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள், வெயிலுக்கு நிறையக் குடிக்கவேண்டும். முள்ளு அன்னமுன்னா இலைக் கஷாயம், வேறு நாட்டு மருந்து எதையாவது கொடுக்க நினைத்தால் கட்டாயம் டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள், அது கீமோவின் வேலையைக் குழப்பலாம்.

மூன்றாவது கீமோவோடு அம்மாவின் கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. "இனி ஏன் போகவேண்டும்?" என்று வீட்டில் பேச்சு வந்தது. ஒரு கீமோ எல்லாக் கலங்களையும் கொல்வதில்லை, ஒரு பங்கைத்தான் கொல்லும். உதாரணத்துக்கு 100இல் 99 அழிந்தாலும் 100 கோடியில் ஒரு கோடி மிஞ்சும். அது கைக்குத் தெரியாது, ஆனால் பிரிந்துகொண்டுதான் இருக்கும். எழுதிய எண்ணிக்கை முடியும் வரை போங்கள்.

9. இதயம் களைக்கிறதா என்று வீட்டில் பார்ப்பது

கீமோவில் எல்லோருக்கும் களைப்பு வரும், அதனால் இதயக் களைப்பு அதற்குள் மறைந்துவிடும். மாலையில் அம்மா செருப்பைக் கழற்றும்போது நான் பாதத்தைப் பார்ப்பேன். வார் பட்ட இடம் பள்ளமாகவும் இரு பக்கமும் உப்பியும் இருந்தால், கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்ப்பேன். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது வீக்கம். ஒரு தலையணையோடு படுத்தவர் மூச்சு முட்டுகிறதென்று இரண்டு கேட்டால், இரவில் மூச்சுக்காக எழுந்து உட்கார்ந்தால், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். இந்த அறிகுறிகள் மருந்து முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம்.

10. முடிந்த பிறகு ஒரு தாள்

சிவப்பு மருந்துக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஓர் எல்லை உண்டு, உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 450 முதல் 550 மில்லிகிராம். அதற்கு மேல் போகப்போக இதயம் பழுதாகும் ஆபத்து வேகமாகக் கூடும். நோய் பிறகொரு காலத்தில் திரும்பினால், புதிய டொக்டர் முதலில் தேடுவது இதுவரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கைத்தான். கிளினிக் கொப்பி கிழியும், மழையில் நனையும். கடைசிக் கீமோ அன்று மொத்த அளவை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவுக்கு ஒரு தரத்துக்குச் சதுர மீற்றருக்கு 60 மில்லிகிராம், நான்கு தரம். அடையாள அட்டை உறைக்குள் ஒரு சிறு அட்டை வைத்திருக்கிறார், அதில் என் கையெழுத்தில் மூன்று வரி: டொக்சோரூபிசின் மொத்தம் 240. முதல் எக்கோ 62. அடுத்த எக்கோ எடுக்கவேண்டிய மாதம், பென்சிலால்.